கயிறு பிடித்தவர் யார்?

பொம்மலாட்டம் பார்த்திருப்பீர்கள். மேடையிலே பொம்மை ஆடுகிறது, கை கூப்புகிறது, வாள் வீசுகிறது. திரைக்குப் பின்னே ஒருவர் நிற்கிறார். அவர் விரலிலே கயிறு. ஆட்டம் நன்றாக அமைந்தால் கைதட்டலும் காசும் அவருக்கு. ஆட்டத்திலே பிசகு நேர்ந்துவிட்டால்? "தவறு செய்தது பொம்மையல்லவா, என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்று அவர் சொல்வாரானால், கொட்டகையில் மணலில் உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளையும் கொல்லென்று சிரிக்கும்!

சிறு பிள்ளை சிரிக்கும் அந்த வாதத்தைத்தான் ஆஸ்திரேலிய நாட்டின் பெருவணிகக் கனவான்கள் பாராளுமன்றக் குழுக்களின் முன்னாலும், வழக்குமன்றப் படிகளிலும் நெடுங்காலம் முழங்கி வந்தார்கள். அந்த நாட்டுச் சட்டம் அதைச் செவிமடுத்தது, பொறுத்தது, பிறகு படிப்படியாக மறுத்தது. நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன். சட்டப் புலவன் அல்லன். ஆயினும் நாடகம் எழுதிப் பழகியவனுக்குத் திரைக்குப் பின்னே நிற்பவர் யார் என்று பார்க்கும் புத்தி போவதில்லை. அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ஒரே பெயர்ப் பலகை, ஒரே வண்ணம், ஒரே சுவை. நாடெங்கும் நூறு கடைகள். நூற்றுக்கும் ஒரே முதலாளி என்றுதான் நாம் எண்ணிக்கொள்கிறோம். பல இடங்களில் அப்படியில்லை. பெயர் ஒருவருடையது, கடை மற்றொருவருடையது. பெயருக்கு உரியவர் தம் பெயரையும், தொழில் நடத்தும் முறையையும் வாடகைக்கு விடுவதுபோல் விடுகிறார். வாங்குகிறவர் தம் சேமிப்பைக் கொட்டுகிறார், வீட்டை அடகு வைக்கிறார், நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்; பிறகு காலமெல்லாம் வருவாயிலே ஒரு பங்கும், விளம்பர நிதிக்கு ஒரு பங்கும் அளந்துகொண்டே இருக்கிறார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'பிரான்சைஸ்' என்று பெயர். பெயரைக் கொடுப்பவரைப் பெயர் முதலாளி என்போம். வாங்கி நடத்துபவரைக் கடைக்காரர் என்போம்.

இருவரும் ஒப்பந்தம் பேசும் காட்சியை மேடையேற்றினால் இப்படித்தான் இருக்கும்:

"ஐயா, சரக்கை எங்கே வாங்குவது?"

"நாங்கள் காட்டும் இடத்தில்."

"கடை எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது?"

"கைப்புத்தகத்திலே இருக்கிறது."

"சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது?"

"அதுவும் கைப்புத்தகத்திலே இருக்கிறது."

"நட்டம் வந்தால்?"

"ஆகா! அது உங்கள் சுதந்தரம்! நீங்கள் சுயேச்சையான வியாபாரி அல்லவா?"

சிரிக்கிறீர்கள். இந்த நாடகத்திலே வீடிழந்த குடும்பங்கள் சிரிக்கவில்லை. 2019 மார்ச்சில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தின் கூட்டுக் குழு, 'பிரான்சைஸ் தொழிலில் நேர்மை' என்ற தலைப்பில் அறிக்கை ஒன்றை வைத்தது. 71 பரிந்துரைகள்! சாட்சி சொன்னவர்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள். ஒருவர் நொடித்து வெளியேறியதும், அதே கடையை அடுத்தவருக்கு விற்பது. அவரும் நொடித்தால் மூன்றாமவருக்கு விற்பது. ஒவ்வொரு விற்பனையிலும் புதிய கட்டணம் வாங்குவது என்ற வித்தை அங்கே அம்பலமாயிற்று. கடை தோற்கத் தோற்க, பெயர் முதலாளிக்கு வருவாய்! பிணத்தின் நெற்றிக் காசையும் விடாத வணிகம் அது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. இதற்கு எதிரான சட்டமும் ஒரே நாளில் வந்ததன்று. நான்கு படிகளாக வந்தது. ஒவ்வொரு படியையும் பாருங்கள். ஒவ்வொரு படியின் கீழும் யாரோ ஒருவருடைய கண்ணீர் இருக்கிறது.

முதற்படி: உண்மையைச் சொல்.

1993இல் அங்கே ஒரு நடத்தை விதி வந்தது. விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விலகி நிற்கலாம் என்ற விதி. புலியை அழைத்து, "விருப்பமிருந்தால் சைவம் உண்பாயாக" என்று வேண்டிக்கொண்ட கதை! சேர வேண்டியவர்கள் சேரவில்லை. 1996 இறுதியோடு அது மறைந்தது. 1997இல் பாராளுமன்றக் குழுவொன்று சிறு வணிகர்களின் குறைகளைக் கேட்டு அறிக்கை தந்தது. 1998 ஜூலை 1 முதல் கட்டாய விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தது தொழிற்கட்சி என்று நினைக்கிறீர்களா? இல்லை, தோழர்களே! தனியார் தொழிலின் தோழன் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் லிபரல் கட்சித் தலைவர் ஜான் ஹோவர்டின் ஆட்சி! வணிகர் பக்கம் நின்றவர்களாலேயே பொறுக்க முடியாத அளவுக்கு வணிகக் கொடுமை வளர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த விதி என்ன கேட்டது? கையெழுத்து வாங்குவதற்கு 14 நாட்கள் முன்பாவது, உன் நிறுவனத்தின் நிலை, வழக்குகள், கட்டணங்கள் எல்லாவற்றையும் எழுதி வெளியிடு. கையெழுத்திட்டவருக்கு மனம் மாறினால் விலகிக்கொள்ள 7 நாள் கொடு. சச்சரவு வந்தால் நடுவர் முன் உட்கார். அவ்வளவுதான். இதற்கே, வானம் இடிந்து விழும் என்று புலம்பினார்கள் சிலர். வானம் அப்படியே இருந்தது. ஆனால் ஒரு குறையும் இருந்தது. விதியை மீறினால் மீறியதற்கென்று அபராதம் இல்லை! பல்லில்லாத காவல் நாய்; குரைக்கலாம், கடிக்க முடியாது.

இரண்டாம் படி: நேர்மையாக நட.

ஹங்க்ரி ஜாக்ஸ் என்பது ஆஸ்திரேலியாவில் பர்கர் விற்கும் கடைகளின் பெயர். அமெரிக்காவின் பர்கர் கிங் நிறுவனம் பெயர் முதலாளி. ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயர் முன்பே வேறொருவரிடம் பதிவாகியிருந்ததால் கடைகளுக்கு ஹங்க்ரி ஜாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1990இல் செய்த ஒப்பந்தம் சொன்னது: ஆண்டுக்கு நான்கு கடைகளாவது நீ திறக்க வேண்டும், திறக்காவிட்டால் உன் உரிமையைப் பறிக்கலாம். அதே ஒப்பந்தம் இன்னொன்றும் சொன்னது: புதிய கடை திறக்க எங்கள் இசைவு வேண்டும். பிறகு என்ன நடந்தது? பர்கர் கிங் இசைவை நிறுத்தியது. கடை திறக்க முடியவில்லை. "நான்கு கடை திறக்கவில்லையே, ஒப்பந்தம் முறிந்தது, வெளியே போ!" என்றது! காலைக் கட்டிப் போட்டுவிட்டு, ஓடவில்லையே என்று சவுக்கால் அடிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2001இல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு மன்றம் ஹங்க்ரி ஜாக்ஸின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் அதிகாரத்தையும் நல்லெண்ணத்தோடுதான் செலுத்த வேண்டும் என்றது. ஆனால் எண்ணிப் பாருங்கள்! ஹங்க்ரி ஜாக்ஸ் நாடு முழுவதும் கடைகள் வைத்திருந்த பெரிய நிறுவனம்; ஆண்டுக்கணக்கில் வழக்காட அதனால் முடிந்தது. ஒற்றைக் கடையை வைத்து, அதிலேயே கணவனும் மனைவியும் இரவு பகலாக உழைக்கும் ஒருவருக்கு அது முடியுமா? அவருக்காகத்தான், வழக்குமன்றம் சொன்ன அந்த நல்லெண்ணக் கடமையை 2015 ஜனவரி 1 முதல் விதித்தொகுப்பிலேயே எழுதினார்கள். சில விதிகளை மீறினால் 51 ஆயிரம் டாலர் வரை அபராதம் என்றும் எழுதினார்கள். காவல் நாய்க்குப் பால் பல் முளைத்தது.

மூன்றாம் படி: பொறுப்பை ஏற்றுக்கொள்.

பால் பல் முளைத்த அதே ஆண்டு, 2015 ஆகஸ்டு இறுதியில், அந்நாட்டுத் தொலைக்காட்சியும் ஏடுகளும் சேர்ந்து ஒரு பயங்கரத்தை வெளியிட்டன. செவன் இலெவன் என்ற பெயர் கொண்ட கடைகளில் வேலை செய்தவர்களுக்குச் சட்டம் சொன்ன கூலியில் பாதிகூடக் கொடுக்கப்படவில்லை. யார் அந்தத் தொழிலாளிகள்? படிக்கப் போன வெளிநாட்டு மாணவர்கள். இந்தியாவிலிருந்து போன பிள்ளைகளும் அவர்களிலே பலர். இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது அன்று அவர்கள் விசாவின் கட்டுப்பாடு. அதற்கு மேல் வேலை வாங்குவது, கணக்கிலே பாதி மணியை மட்டும் காட்டுவது, முறையிட்டால் "நீ விசாவை மீறினாய், காட்டிக் கொடுப்பேன், கப்பலேற்றுவேன்" என்று மிரட்டுவது! கடன் வாங்கி அனுப்பிய தாய் தகப்பன் முகம் நினைவுக்கு வர, வாய் மூடி நின்றார்கள் பிள்ளைகள்.

கடைக்காரர்கள் கொடியவர்கள், ஐயமில்லை. ஆனால், தோழர்களே, கொஞ்சம் திரையை விலக்குங்கள். கடையின் மொத்த இலாபத்திலே 57 விழுக்காடு தலைமை நிலையத்துக்குப் போயிற்று. மீதியிலேதான் கடைக்காரர் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும். கூலி கூடினால் குறைவது கடைக்காரரின் பங்கு. தலைமையின் பங்குக்குக் கீறல் விழாது. கூலிப் பட்டியலும் தலைமை நிலையத்தின் வழியாகவே போயிற்று. ஆயினும் தலைமை சொன்ன மறுமொழி என்ன? "அவர்கள் சுயேச்சையான வியாபாரிகள், நாங்கள் என்ன செய்வோம்!" பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே! முடிவில் நாடு கொதித்தெழுந்தது. 15 கோடி டாலருக்கு மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கூலியாகத் தராமல் பிடித்து வைத்தது எவ்வளவு என்பது திருப்பித் தந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

2017இல் நியாயமான வேலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மீண்டும் லிபரல் கட்சி ஆட்சிதான்! கடையின் நடவடிக்கைகளிலே குறிப்பிடத்தக்க செல்வாக்கோ கட்டுப்பாடோ உள்ள பெயர் முதலாளி, கூலிக் கொள்ளை நடப்பதை அறிந்திருந்தாலும், அறிந்திருக்க வேண்டியவராக இருந்தாலும், அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட முடியாவிட்டால், அவரும் பொறுப்பாளி! இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குமன்றம் பொறுப்பாளியாக்கிய முதல் பெயர் முதலாளி, 85 டிகிரீஸ் காபி நிறுவனம். சிட்னியில் எட்டுக் கடைகள், ஒன்பது தொழிலாளர்கள், குறைத்துக் கொடுத்த கூலி 32 ஆயிரம் டாலர் சொச்சம். 2024இல் விதிக்கப்பட்ட அபராதம் 14 இலட்சத்து 40 ஆயிரம் டாலர்! கயிறு பிடித்தவரைப் பார்த்து, "நீதான்!" என்று சட்டம் விரல் நீட்டிய நாள் அது.

நான்காம் படி: பிழைக்க வழி விடு.

ஹோல்டன் என்ற கார் 1948இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அந்நாட்டு மக்கள் தங்கள் சொந்தக் கார் என்று கொண்டாடியது. 2020 பிப்ரவரியில் அதன் உரிமையாளரான அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ், "இனி ஹோல்டன் இல்லை" என்று அறிவித்தது. கடல் கடந்த நகரிலே எடுத்த முடிவு. கட்டடம் கட்டிக் கடன் வாங்கி உட்கார்ந்திருந்த சுமார் 185 விற்பனையாளர்களுக்கு அது இடி. ஒப்பந்தக் காலம் இன்னும் மிச்சமிருந்தது. இழப்பீடு எவ்வளவு என்று போராட வேண்டியிருந்தது.

அடுத்து மெர்சிடிஸ் பென்ஸ். பழைய ஒப்பந்தங்களைப் புதுப்பிக்காமல் முடித்து, 2022 தொடக்கத்திலிருந்து விற்பனையாளர்களை வெறும் முகவர்களாக்கியது. காரை விற்பது நிறுவனம். விலை சொல்வது நிறுவனம். முகவருக்குத் தரகு மட்டும். தலைமுறையாகச் சேர்த்த வாடிக்கையாளர் நன்மதிப்பு பறிபோயிற்று என்று 38 விற்பனையாளர்கள் 65 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஒப்பந்தத்திலே அந்த அதிகாரம் எழுதியிருந்தது, எழுதியிருந்தபடி செய்தார்கள்! நல்லெண்ணம் என்ற சொல் நல்ல சொல்தான்; எழுதி வைத்த அதிகாரத்தின் முன்னே அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டிற்று.

இதற்கிடையே சட்டம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. 2021 ஜூலையில் மனம் மாறி விலகும் காலம் 7 நாளிலிருந்து 14 நாளாயிற்று. 2022இல் சில விதிமீறல்களுக்கு அபராதத்தின் உச்சம் ஒரு கோடி டாலர், அல்லது அடைந்த ஆதாயத்தின் மூன்று மடங்கு, அல்லது ஆண்டு வருவாயில் பத்து விழுக்காடு, இவற்றில் எது பெரிதோ அது என்றாயிற்று. 51 ஆயிரம் எங்கே, ஒரு கோடி எங்கே! அதே 2022இல் பெயர் முதலாளிகள் தங்கள் விவரங்களைப் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றாயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய விதித்தொகுப்பே வந்துவிட்டது. அதன்படி, 2025 நவம்பர் 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், போட்ட முதலை ஈட்டுவதற்கு நியாயமான வாய்ப்பைக் கடைக்காரருக்குக் கொடுக்காமல் ஒப்பந்தமே செய்யக்கூடாது. சந்தையை விட்டு வெளியேறுவதாலோ, கடைகளைக் குறைப்பதாலோ, விற்கும் முறையை மாற்றுவதாலோ ஒப்பந்தத்தைக் காலத்துக்கு முன் முறித்தால் இழப்பீடு தர ஒப்பந்தத்திலேயே வழி எழுதியாக வேண்டும். கார் விற்பனையாளர்களுக்கு 2021இல் கிடைத்த கேடயம், இப்போது காபிக் கடைக்காரருக்கும் கிடைத்திருக்கிறது.

இனி, எதிர்த் தரப்பைக் கேட்போம். கேட்காமல் தீர்ப்பளிப்பது நம் வழக்கமன்று.

"ஒப்பந்தச் சுதந்தரம் பறிபோகிறதே!" என்கிறார்கள். சுதந்தரமா? ஒருவர் அச்சடித்துக் கொண்டு வருகிறார், மற்றவர் கையெழுத்திடுகிறார். ஓர் எழுத்தையும் மாற்ற முடியாதவருக்கு உள்ள சுதந்தரம், தூண்டிலைக் கவ்வும் மீனுக்கு உள்ள சுதந்தரம்!

"எங்களைப் பொறுப்பாளியாக்கினால் நாங்கள் கடைகளை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்குமே!" என்கிறார்கள். பர்கரின் எடையையும் பணியாளரின் சட்டை நிறத்தையும் இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த கைக்கு, கூலிப் பட்டியலைப் புரட்டிப் பார்க்க மட்டும் வலி எடுக்கிறதா?

"செலவு கூடுகிறது; ஐந்தாறு கடை வைத்திருக்கும் சிறிய பெயர் முதலாளி தாங்கமாட்டார்" என்கிறார்கள். இதிலே உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுதோறும் வெளியீட்டு ஆவணத்தைப் புதுப்பிக்க வேண்டும்; கடைக்காரர்களிடம் வாங்கிய நிதிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்; கூலிச் சட்டத்தைக் கடைக்காரர்களுக்குக் கற்பிக்க வேண்டும்; வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது கொசுக்கடி, சிறியவருக்குத் தேள்கடி. ஆகவே விதி எளிமையாக வேண்டும். புதிய தொகுப்பு இரண்டு ஆவணங்களை ஒன்றாக்கியது அந்த வழியிலே ஒரு நல்ல அடி. ஆனால் எளிமையாக்கு என்பது வேறு, எடுத்துவிடு என்பது வேறு. நாணயமான பெயர் முதலாளிக்கு உண்மையான பகைவன் சட்டம் அன்று. பக்கத்திலே நின்று, பொய்க் கணக்குக் காட்டிக் குடும்பங்களைக் கவிழ்த்து, அந்தத் தொழிலின் பெயரையே நாறடிக்கும் பேர்வழிதான்! ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இன்றும் ஆஸ்திரேலியாவில் இந்த முறையில் தொழில் நடத்துகின்றன. கால் நூற்றாண்டுச் சட்டம் அவர்களைக் கொன்றுவிடவில்லை.

அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உரிமம் பெற்றவர்தான் பெயர் முதலாளியாகலாம் என்ற ஏற்பாடு இன்னும் வரவில்லை. நியாயமான வாய்ப்பு என்றால் எவ்வளவு என்பதை இனிமேல்தான் வழக்குகள் அளந்து காட்ட வேண்டும். காலம் முடிந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, இடையிலே முறிப்பதிலிருந்து வேறு. மெர்சிடிஸ் விற்பனையாளர் விழுந்த பள்ளம் முழுவதும் மூடப்படவில்லை. போராட்டம் தொடர்கிறது.

நம் நாட்டின் நிலை என்ன? பிரான்சைஸ் என்பதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872இல் வெள்ளைக்காரன் எழுதிய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. 1999இன் வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது. வேறு சில பொதுச் சட்டங்கள் இருக்கின்றன. கையெழுத்துக்கு முன் இன்னின்ன உண்மைகளைச் சொல்லியாக வேண்டும் என்றோ, மனம் மாறினால் இத்தனை நாளில் விலகலாம் என்றோ ஒரு தனி விதி இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 2003இல் இந்தத் தொழிலின் மீது சேவை வரி போட்டபோது, பிரான்சைஸ் என்றால் என்ன என்று டில்லி சட்டத்திலே இலக்கணம் எழுதியது! 2017இல் சரக்கு சேவை வரி வந்து அந்தப் பழைய வரி போயிற்று. வரி வாங்கும்போது கண்ணுக்குத் தெரிந்த பிரான்சைஸ், பாதுகாப்புக் கேட்கும்போது மட்டும் தெரியவில்லை!

ஓய்வூதியப் பணத்தையும், மனைவியின் நகையையும் கொண்டுபோய் ஒரு பெயர்ப் பலகைக்காகக் கொடுக்க இருக்கும் அண்ணன் உங்கள் தெருவிலும் இருப்பார். தொழிலாளியின் கூலி, கடைக்காரரின் முதல், பெயர் முதலாளியின் இலாபம், மூன்றும் ஒரே கயிற்றிலே கட்டப்பட்டவை. முதலிரண்டுக்கும் சட்டம் காவல் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். தெருமுனைக் கூட்டத்திலே கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் நம் குரலாக இருப்பவர்களிடம் கேளுங்கள். ஆஸ்திரேலியா 1998இல் தொடங்கிய பாதையை நாம் அடியெடுத்து வைக்காமலே, "அங்கே நன்றாயிருக்கிறது" என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதா?

பொம்மை ஆடட்டும், ஆட்டம் நடக்கட்டும், கைதட்டலும் கிடைக்கட்டும். ஆனால் பிசகு நேரும்போது, திரையை விலக்கிக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டும்:

கயிறு பிடித்தவர் யார்?